இரும்பு சுபாவா, ஷகுடோ சுபாவா?

பழைய ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தகடுதான் சுபா. கை வழுக்கி அலகின் மேல் போகாமல் காப்பது அது.

ஷகுடோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்த உலோகம். மருந்துநீரில் கொதிக்கவைத்தால் காக்கைச் சிறகு போல நீலம் ஓடும் கறுப்பு ஏறும். வாள் அணிகள் செய்த உலோகக் கலைஞர் கோட்டோ யூஜோவின் (1440–1512) வழிவந்தவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாக மணிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அடித்து எழுப்பியது. அதற்கு நனாகோ, அதாவது மீன்முட்டை என்றே பெயர். நல்ல வேலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள்.

இரும்பில் இந்தப் பகட்டு குறைவு. ஒரு கொக்கு அல்லது ஓர் இலை வெட்டுருவமாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் சில பழைய துண்டுகளின் விளிம்பை விரலால் தடவுங்கள்: கடினமான இரும்பு முண்டுமுடிச்சாகத் தட்டுப்படும். 'இரும்பு எலும்பு' என்கிறார்கள்.

ஷகுடோவுக்கு பாலிஷ் போட்டால் அந்தக் கறுப்பு போய்விடும். இரும்பின் கருந்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் அதே பாவம்.

என் மனம் இரும்பின் பக்கம்தான். நடுத்துளையின் ஓரங்களில் செம்புத் துண்டு செருகியிருக்கிறதா பாருங்கள். கைப்பிடிக்குள் நுழையும் வாளின் அடித்தண்டுக்கு இறுக்கமாகப் பொருந்தச் செய்தது அது.