தையல் மிஷின் ஸ்டாண்டில் துரு: சுரண்டுவதா, ஊறவைப்பதா, மணலடிப்பதா?

டெல்டாவில் பழைய கால்மிதி தையல் மிஷின் ஒன்று கொட்டகை மூலையில் கிடந்தால், தலை (மேலே தைக்கும் பகுதி) தப்பினாலும் ஸ்டாண்டு தப்பாது. தலையில் ஊறிய எண்ணெய் அதைக் காப்பாற்றும். வார்ப்பிரும்புக் கால்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் ஏறும்; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துப்போன வீடுகளில் நனைந்தவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும்தான் மலிவான வழி. பழைய கறுப்புப் பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் அதைக் காப்பாற்றலாம். ஆனால் ஸ்டாண்டின் நடுவில் வார்த்திருக்கும் பெயரெழுத்துகளைப் பாருங்கள். எழுத்தின் முகம் பளிச்சென்று ஆகிவிடும். இரண்டு எழுத்துக்கு இடையிலுள்ள மூலையில் துரு காவி நிறத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். டிரில்லில் மாட்டும் பிரஷ்கூட அங்கே நுழையாது. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த தூளாகப் பறக்கவிடாமல் ஈரமாகவே தேய்ப்பது நல்லது.

சிட்ரிக் அமிலக் கரைசல் திருகு, மரை போன்ற சில்லறைச் சாமான்களுக்குச் சரி. மறந்து நாள்கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். கழிவறை ஆசிட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்து துருவைக் கிளப்பும். அதன் புகையில் பக்கத்திலிருக்கும் மண்வெட்டியும் துருப்பிடிக்கும்.

என் ஓட்டு மின்பகுப்புக்குத்தான், அதாவது கரைசலில் ஊறவைத்து மின்சாரம் செலுத்தித் துருவை நீக்குவதற்கு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனையை ஸ்டாண்டிலும் நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் கரைவது ஸ்டாண்டுதான். எவர்சில்வர் தகடு கூடாது; நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம். தகட்டைப் பார்த்த பக்கமே சீக்கிரம் சுத்தமாகும் என்பதால் அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும். இத்தனை தொல்லைக்கும் பலன் உண்டு: எழுத்து மூலைத் துருவும் போகும், நல்ல இரும்பும் தேயாது. பழைய பூச்சு கழன்றுவிடும் என்பதுதான் குறை.

பூச்சே மிச்சமில்லாத ஸ்டாண்டை, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை உரிக்கும் மணலடிக்கும் பட்டறைக்குத் தரலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மிதியையும் சக்கரத்தையும் கழற்றி, அவற்றைத் தாங்கும் கூம்புத் திருகுகள் உட்காரும் குழிகளை அடைத்துவிட்டுக் கொடுங்கள். குழியில் தங்கிய மணல் மிதிக்கும்போதெல்லாம் இரும்பை அரைக்கும்.

எந்த வழியானாலும், சுத்தமான வார்ப்பிரும்பு நம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும். அதனால் பங்குனி, சித்திரை வெயிலில் வேலையை வைத்துக்கொண்டு, காய்ந்த கையோடு ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்பு அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். மேலே பவுடர் கோட்டிங்கா, எனாமலா? பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் 180 டிகிரி அளவுச் சூட்டில் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் காற்று வெளியேறி ஊசித்துளை விழலாம். பின்னால் பெயர்ந்தால் வீட்டில் ஒட்டுப்போடவும் முடியாது. கறுப்பு எனாமலை மெல்லியதாக இரண்டு கை அடித்தால் போதும். பெல்ட் ஓடும் சக்கரப் பள்ளத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம், தோல் பெல்ட் வழுக்கும்.