முதல் ஆர்பிஜி பெட்டி: மூன்றில் எதை எடுப்பது?

நான்கு பேர் ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் விளையாட்டு) விளையாட உட்கார்ந்தால் அதில் மூன்று பேருக்கு விதிகள் தெரிந்திருக்கவே வேண்டாம். “கதவை உதைத்துத் திறக்கிறேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். எந்தப் பகடையை உருட்டுவது என்று நடத்துகிறவர் சொல்லிவிடுவார். அந்த நடத்துகிறவர், அதாவது கேம் மாஸ்டர், புத்தகத்தைப் புரட்டியபடியே இருந்தால் அரை மணி நேரத்தில் மற்ற மூவரும் போனை எடுத்துவிடுவார்கள். எனவே தொடக்கப் பெட்டி வாங்குவது என்பது கேம் மாஸ்டருக்குப் பாடப்புத்தகம் வாங்குவதுதான். அட்டைப்படம், பொம்மை, பகடையின் நிறம் எல்லாம் அப்புறம். மூன்று பெட்டிகளை அந்த ஒரே அளவுகோலால் இங்கே அளந்து பார்க்கிறோம்.

முதலிடம் கால் ஆஃப் கதுல்ஹு ஸ்டார்ட்டர் செட்டுக்கு (கேயாசியம், 2018). இந்தத் திகில் விளையாட்டு 1981 முதலே இருக்கிறது. பெட்டியில் வருவது அதன் ஏழாம் பதிப்பு. கதைக்களம் 1920களின் அமெரிக்கா. ஆட்டக்காரர்கள் வீரர்களோ மந்திரவாதிகளோ அல்ல. பத்திரிகையாளர், பேராசிரியர் போன்ற சாதாரண மனிதர்கள். துப்புத் துலக்கப் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறவர்கள். வாளும் டிராகனும் எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம்தான்.

பெட்டியில் மூன்று புத்தகங்கள். முதலாவது தனியாக ஒருவரே படித்து விளையாடும் கதை, இந்தப் பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. எண்ணிட்ட பத்திகள், ஒன்றைப் படித்து, முடிவெடுத்து, பகடை உருட்டி, அது சொல்லும் எண்ணுக்குத் தாவ வேண்டும். கேரக்டர் ஷீட்டைக்கூட (பாத்திரத்தின் திறன்களைக் குறிக்கும் தாள்) கதை போகிற போக்கில்தான் நிரப்பச் சொல்கிறது. கேம் மாஸ்டராகப் போகிறவர் (இங்கே அவருக்குக் கீப்பர் என்று பெயர்) ஒரு மாலைப் பொழுதில் இதை முடித்தால் விதிகளில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். இரண்டாவது புத்தகம் விதிகள். அதைப் பிறகு படித்தால் ஏற்கெனவே செய்ததன் விளக்கம் போலத் தெரியும். வரிசையை மாற்றி விதிப் புத்தகத்தில் தொடங்குவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

அடிப்படை விதி ஒரு வரி: நூறுக்குள் உருட்டி, உங்கள் திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால் வெற்றி. இரண்டு பத்து முகப் பகடைகள் வேண்டும். ஒன்று பத்துகளுக்கு, ஒன்று ஒன்றுகளுக்கு. 00-உம் 5-உம் விழுந்தால் 5. 00-உம் 0-உம் விழுந்தால் பூஜ்யம் இல்லை, 100. அது வரக்கூடியதிலேயே மோசமான எண். கடினமான வேலைக்குத் திறனில் பாதி, மிகக் கடினமானதற்கு ஐந்தில் ஒரு பங்கு. நூலகத்தில் தேடும் திறன் 60 என்றால் 30, 12. இந்த மூன்று எண்களுக்கும் ஷீட்டிலேயே கட்டங்கள் உண்டு. முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால் நடுவில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. “60 சதவீத வாய்ப்பு” என்பது எவருக்கும் விளக்கமின்றிப் புரிகிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் புதியவர்கள் தயங்காமல் முடிவெடுப்பதற்கு இதுவே காரணம்.

சூழ்நிலை சாதகமாக இருந்தால் போனஸ் பகடை: பத்துகளுக்கான பகடை ஒன்றைக் கூடுதலாக உருட்ட வேண்டும். பத்துகளில் 70-உம் 20-உம், ஒன்றுகளில் 4-உம் விழுந்தால் 24 என்று எடுத்துக்கொள்ளலாம். பாதகமென்றால் அதே பகடைகள் 74 ஆகும். கூடுதல் பகடை இல்லையா? இருப்பதையே இரண்டு முறை உருட்டினால் சரி.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, மனநிலைப் புள்ளிகள், அதாவது பயங்கரத்தைக் கண்டு உருட்டும்போது கரையும் மனத்தெம்பு. 0/1டி4 என்று எழுதியிருந்தால் வெற்றி பெற்றவருக்கு இழப்பில்லை, தோற்றவர் ஒரு நான்கு முகப் பகடையை உருட்டி அத்தனை புள்ளி இழக்கிறார். ஒரே உருட்டலில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கு ஒரு உருட்டல். இங்கே வெற்றி பெறுவதுதான் கெடுதல்! கண்டது என்னவென்று மூளைக்கு முழுதாக உறைத்துவிடுவதால் தற்காலிகப் பித்து பிடிக்கும். தோற்றவர் புரியாததால் தப்பிக்கிறார். புதுக் கீப்பர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுவார்கள்.

இரண்டு, மறு முயற்சி. தோற்ற உருட்டலை ஒருமுறை “புஷ்” செய்யலாம். ஆனால் ஆட்டக்காரர் புதிதாக என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும், இதிலும் தோற்றால் என்ன ஆகும் என்பதைக் கீப்பர் உருட்டலுக்கு முன்பே அறிவிப்பது நல்லது. “இன்னொரு தடவை பூட்டை நெம்புகிறேன்” போதாது. “கடப்பாரையால் உடைக்கிறேன், சத்தம் வந்தாலும் பரவாயில்லை” என்றால் சரி. சண்டையிலும் மனநிலை உருட்டலிலும் இது செல்லாது.

சண்டையில் அடி வாங்குகிறவர் விலகுகிறாரா, திருப்பி அடிக்கிறாரா என்று தேர்ந்தெடுப்பார். இருவரின் வெற்றி அளவும் (முழுத் திறன், பாதி, ஐந்தில் ஒரு பங்கு) சமமானால் விலகியவர் தப்புவார், திருப்பி அடித்தவருக்கு அடி விழும். துப்பாக்கிக்கு இந்தக் கணக்கில்லை.

மூன்றாவது புத்தகத்தில் மூன்று கதைகள். முதலாவது ஒரு கீப்பர், ஒரே ஆட்டக்காரர் என்று அமைந்தது. ஒத்திகைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. இரண்டாவதைக் குழுவோடு நடத்தலாம். மூன்றாவது அந்தக் காலத்து நிறவெறியைத் தொடுகிறது. முன்பே எல்லாரிடமும் பேசிச் சம்மதம் வாங்காமல் எடுக்க வேண்டாம். திகில் கதைகளுக்குப் பொதுவாகவே இது பொருந்தும்: எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும், நடுவில் நிறுத்த ஒரு சைகையும் இருக்கட்டும்.

பெட்டியின் பெரிய குறை விதியில் இல்லை, துப்புக் கதை என்ற வகையிலேயே இருக்கிறது. முக்கியமான கடிதத்தை ஒரு உருட்டலுக்குப் பின்னால் வைத்து, எல்லாரும் தோற்றால் கதை அங்கேயே படுத்துவிடும். தீர்வு: துப்பைக் கொடுத்துவிடுங்கள், தோல்விக்கு வேறு விலை வாங்குங்கள். கடிதம் கிடைக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரம் போய்விட்டது, வெளியே இருட்டிவிட்டது.

அடுத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எசென்ஷியல்ஸ் கிட் (2019). 64 பக்க விதிப் புத்தகம், 64 பக்க சாகசக் கதை, 11 பகடைகள், கேம் மாஸ்டருக்கான மறைப்புத் தட்டி, அட்டைகள், வரைபடம். பெரும்பாலோர் தேடிவரும் பெயர் இதுதான். கதை ஓர் ஊர் அறிவிப்புப் பலகையைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போவார்கள், முடிப்பார்கள், திரும்புவார்கள். அதனால் கேம் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் சில பக்கங்கள் படித்தாலே போதும். இந்த அமைப்புக்கு முழு மதிப்பெண். துணை ஆள் விதி இருப்பதால் ஒரே ஆட்டக்காரரை வைத்தும் நடத்தலாம்.

ஆனால் தயாராக நிரப்பிய கேரக்டர்கள் இல்லை, வெற்று ஷீட்கள்தான். முதல் சந்திப்பு முழுவதும் கேரக்டர் உருவாக்குவதிலேயே போய்விடும். கேம் மாஸ்டர் முன்னதாகவே நான்கைந்து ஷீட்களை நிரப்பிக் கொண்டுவந்து “எது வேண்டுமோ எடுங்கள்” என்பதே புத்திசாலித்தனம். நிரப்பும்போது வரும் வழக்கமான தவறு: பலம் 16 என்றால் உருட்டலோடு 16-ஐக் கூட்டுவது. கூட்ட வேண்டியது +3. பத்தைக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழுமையாக்கினால் அந்த எண் வரும். இன்னொன்று, கேரக்டரின் லெவலும் மந்திரத்தின் லெவலும் வேறு வேறு. மூன்றாம் லெவல் மந்திரவாதிக்குக் கிடைப்பது இரண்டாம் லெவல் மந்திரங்கள்.

தொடக்க வேலைகளில் ஒன்றில் மான்டிகோர் என்ற கொடிய பிராணி வருகிறது. அதற்கு 68 உயிர்ப் புள்ளிகள், ஒரு முறைக்கு மூன்று தாக்குதல்கள். பத்துப் புள்ளி வைத்திருக்கும் முதல் லெவல் ஆட்கள் நேருக்கு நேர் நின்றால் மொத்தக் குழுவும் காலி. அது பேசக்கூடிய பிராணி; பேரம் பேசலாம் என்பதற்கான குறிப்பைக் கேம் மாஸ்டர் முன்பே காதில் போட்டு வைக்க வேண்டும்.

இந்தப் பெட்டி 2014 விதிகளில் ஓடுகிறது. 2024-ல் விதிகள் திருத்தப்பட்டன. இணையத்தில் சந்தேகம் தேடினால் இரண்டும் கலந்து வரும். காயம் ஆற்றும் அடிப்படை மந்திரம் பழையதில் 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று), புதியதில் 2டி8 (இரண்டு). மருந்து குடிப்பது பழையதில் அந்த முறையின் முழுச் செயல், புதியதில் போனஸ் செயல் (கூடவே செய்யும் சிறு செயல்). பெட்டியில் உள்ளதே சட்டம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பாத்ஃபைண்டர் பிகினர் பாக்ஸ் (2020) பொருள் மதிப்பில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. ஆட்டக்காரருக்கு 80 பக்கம், கேம் மாஸ்டருக்கு 96 பக்கம், நிரப்பிய நான்கு கேரக்டர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைக் காய்கள், அழித்து எழுதக்கூடிய விரிப்பு. இதிலும் தனி ஆள் கதை உண்டு. முதல் சாகசத்தில் அறைக்கு அறை புதிய விதி ஒன்றைக் கற்றுத்தருகிறார்கள். ஒரு முறைக்கு மூன்று செயல்கள். ஆனால் இரண்டாவது தாக்குதலுக்கு 5, மூன்றாவதற்கு 10 கழியும். மூன்றையும் வெட்டுக்கே செலவழிப்பவர் மூன்றாவதில் பெரும்பாலும் காற்றைத்தான் வெட்டுவார். அதற்குப் பதில் கேடயத்தை உயர்த்தினால் தற்காப்பு 2 கூடும். சதுரங்கம் பிடித்தவர்களுக்கு இது விருந்து. விரிப்பு இருப்பதாலேயே ஆட்டக்காரர்கள் காய் நகர்த்தத் தொடங்கி, பேசுவதை மறந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் வருத்தம். சண்டை முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைப்பது உதவும்.

எந்தப் பெட்டியானாலும் முதல் சந்திப்புக்கு மூன்று அல்லது நான்கு ஆட்டக்காரர்கள், மூன்று மணி நேரம். ஆறு பேர் என்றால் ஒருவர் முறை வருவதற்குள் மற்றவர் கொட்டாவி விடுவார். விதிச் சந்தேகம் வந்தால் அரை நிமிடத்துக்குள் கேம் மாஸ்டர் ஒரு முடிவு சொல்லிவிட்டு, தாளில் குறித்து வைத்து, ஆட்டம் முடிந்த பிறகு புத்தகத்தைப் பார்க்கட்டும். பெட்டி வாங்கவே தயக்கமாக இருந்தால் கால் ஆஃப் கதுல்ஹுவின் குவிக்-ஸ்டார்ட் விதிகள், ஒரு முழுக் கதையுடன், பதிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பகடைகள் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.