கிளீட் மாட்டக் கொடுத்த 12,400 ரூபாயும் என் முழங்கையும்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது முழங்கையில் கட்டு. வலது கையால் ஒற்றை விரலில் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளீட்டை எப்படி மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் 12,400 ரூபாய் எப்படிப் போனது என்று கேளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ரோடு சைக்கிள் ஷூவின் அடியில் மூன்று போல்ட் போட்டு ஒரு பிளாஸ்டிக் துண்டை மாட்டுவார்கள். அதுதான் கிளீட். மிதித்தால் பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். எங்கம்மா இதைப் பார்த்துவிட்டு, "கால கட்டிக்கினு ஓட்றதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தேன்.

நான் இருப்பது தண்டையார்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாலைந்து பேர் சேர்ந்து காசிமேடு வழியாக எண்ணூர் வரை போய் வருவோம். ஏழு மணிக்கு மேல் கன்டெய்னர் லாரிகள் நடுவில் ஓட்ட முடியாது, அதனால் இருட்டோடு கிளம்பிவிடுவோம். நண்பர் ஒருவர் தன் பழைய பெடலை எனக்குக் கொடுத்தார், ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி-எஸ்எல் வகை, மேலே சொன்ன மூன்று போல்ட் கிளீட் மாட்டுகிற பெடல். அதற்கு ஷூவும் கிளீட்டும் வேண்டும்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. வட சென்னையில் புதிதாகத் திறந்த, ஏசி போட்ட, மாடியில் இருக்கிற சைக்கிள் கடை. சுவரில் கார்பன் ஃபிரேம்களை ஃபோட்டோ மாதிரி மாட்டியிருப்பார்கள். இதற்கெல்லாம் மவுண்ட் ரோடு பக்கம் போக வேண்டியிருந்த காலம் முடிந்தது, நம்ம ஏரியாவிலேயே வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஷூ 8,900. கிளீட் 1,900. ஃபிட்டிங் 1,600. மொத்தம் 12,400.

ஃபிட்டிங் செய்த பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, என் வலது காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டான். கட்டைவிரலுக்கு அடியில் புடைத்திருக்கிற எலும்பை அமுக்கிப் பார்த்தான். அப்புறம் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. ஷூவின் மேலேயே இரண்டு இடத்திலும் பேனாவால் புள்ளி வைத்தான். "இந்த ரெண்டுக்கும் நடுவுல பெடல் அச்சு வரணும்ணா, கொஞ்சம் பின்னால இருந்தாலும் பரவால்ல" என்றான். சரியான பேச்சு. நானும் அப்படித்தான் படித்திருந்தேன். காலைத் தொட்டுப் பார்த்து வேலை செய்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று மனசு முடிவு செய்துவிட்டது. அந்த நிமிஷத்தில் 1,600 இல்லை, 3,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இடது காலுக்கு வரும்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, எலும்பைத் தொடாமல், வலது ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்மட்டத்தில் வைத்தான். போல்ட்டை எங்கிருந்து எடுத்தான் தெரியுமா? ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து. கிளீட் பாக்கெட்டிலேயே புது போல்ட்டும் வாஷரும் வரும். அவன் வாஷரே போடவில்லை, கிரீஸும் தடவவில்லை. முறுக்கியது கையால் இல்லை, பேட்டரி டிரில்லால். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், கடைசியில் ஒரு 'கிரக்'. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை. நாம் பெரிய மெக்கானிக்கா என்று ஒரு கூச்சம்.

இன்னொன்று. நான் மஞ்சள் கிளீட் கேட்டேன். மஞ்சளில் மாட்டிய பிறகும் கால் 6 டிகிரி வரை அசையும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. நீலத்தில் 2 டிகிரி. சிவப்பில் அசைவே கிடையாது. அவன் கொடுத்தது சிவப்பு. "ரேஸ் ஓட்றவங்க எல்லாம் இதான்ணா, பவர் வேஸ்ட் ஆகாது" என்றான். எண்ணூர் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வருகிறவனுக்கு எதற்கய்யா பவர்? மஞ்சள் ஸ்டாக் இல்லை என்பதுதான் விஷயம் என்று இப்போது புரிகிறது. அசைவே இல்லாத கிளீட்டைக் கண்மட்டத்தில் மாட்டினால் என்ன ஆகும்? கால் இயல்பாக நிற்கிற கோணம் ஒன்று, ஷூ நிற்கிற கோணம் ஒன்று. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். இரண்டாவது ஞாயிறே இடது முழங்காலின் வெளிப்பக்கம் குத்த ஆரம்பித்தது.

மூன்றாவது ஞாயிறு திரும்பி வரும்போது நடந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, இடது பக்கம் கடற்கரைக் கருங்கல், வலது பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற டிரெய்லர் வரிசை. முன்னால் ஒரு லாரி சட்டென்று ஒதுங்கியது. பிரேக் பிடித்தேன், இடது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்புகிறது, கிளீட் திரும்பவில்லை. மூன்று போல்ட்டில் இரண்டு வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றை போல்ட்டை அச்சாக வைத்து ஷூ மட்டும் சுற்றுகிறதே தவிர, பெடல் விடவில்லை. எவ்வளவு திருப்பினாலும் விடாது. அப்படியே இடது பக்கம், கல் பக்கம் சாய்ந்தேன். வலது பக்கம் சாய்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கீழே கிடந்தபடியே ஷூவைத் தளர்த்தி காலை உருவினேன். ஷூ மட்டும் பெடலில் தொங்கியது. மீன் ஏற்றி வந்த ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, என்னைத் தூக்கிவிட்டு, அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, செருப்பு சைக்கிளோட ஒட்டிக்கிச்சா?" என்றார்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்ட அதே பையன் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ஷூவோட நடந்திருப்பீங்க" என்றான். நடந்தால் கிளீட் தேயும், போல்ட் எப்படிக் கழன்று விழும்? பதில் இல்லை. "உங்க ஏரியா உப்புக் காத்துண்ணா" என்றான். கடையும் அதே ஏரியாவில்தானே இருக்கிறது! போல்ட் துருப்பிடித்ததா என்ன, கழன்றே போனது. "ஓனர் வெளியூர்ல இருக்காரு, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். நீல டிக். மறுபடி அனுப்பினேன். நீல டிக். மூன்றாவது நாள் ஒரு பதில் வந்தது: "ஃபிட்டிங்குக்கு வாரண்டி கிடையாது சார்." 12,400 ரூபாய் வாங்கும்போது அண்ணா, திருப்பிக் கேட்டால் சார்.

சரி, ஷூவையாவது காப்பாற்றலாம் என்று பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் எடுத்துப் போனேன். மிச்சமிருந்த அந்த ஒற்றை போல்ட்டின் தலை வழுக்கிப் போயிருந்தது, ஆலன் கீ பிடிக்கவே இல்லை. அவர் மெதுவாக டிரில் போட்டுத் தலையைச் சீவி, உடம்பைத் திருகி எடுத்தார். மற்ற இரண்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். மரை கோணலாக ஏறி, தின்றுபோய், உள்ளே பளபள என்று பித்தளைத் தூள். அந்த 'கிரக்' சத்தம் இதுதான். "கையால ரெண்டு சுத்து ஏத்திட்டு அப்புறம் முறுக்கியிருந்தா இப்டி ஆவாது. மிஷின வச்சு ஏத்திருக்கான்" என்றார். இந்த ஷூவில் மரை சோலுக்குள்ளேயே பதித்திருக்கிறது, மாற்ற வழியில்லை. ஆக ஷூவும் போச்சு, கிளீட்டும் போச்சு, ஃபிட்டிங் காசும் போச்சு. 12,400, முழுசாக. அவர் என்னிடம் 50 ரூபாய் வாங்கவே யோசித்தார்.

பில்லில் 'ஷூ' என்று மட்டும் இருக்கிறது. கிளீட், ஃபிட்டிங் இரண்டும் ஒரு துண்டுச் சீட்டில், கையெழுத்துகூட இல்லை. இருந்தாலும் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், விரல் வலிக்கிறது. முக்கியமானது மட்டும். போல்ட்டில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், முதலில் கையால் ஏற்றச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கமாக முறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற ஸ்பேனர்) இருக்கிறதா என்று கேளுங்கள், இந்த வகைக்கு 5-6 நியூட்டன் மீட்டர் போதும். டிரில்லைக் கையில் எடுத்தால் ஷூவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பாக்கெட்டைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் கிளீட்டைச் சுற்றி மார்க்கரில் கோடு போட்டுவையுங்கள், நகர்ந்தால் தெரிந்துவிடும். முதல் ரைடு முடிந்ததும் மூன்று போல்ட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் மஞ்சளே வாங்குங்கள், யார் என்ன சொன்னாலும். நடக்கும்போது கிளீட்டுக்குக் கவர் போடுங்கள். பில்லில் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கடை பெயரை இன்பாக்ஸில் கேட்காதீர்கள், புகார் முடிகிற வரை சொல்ல மாட்டேன். 42 சைஸில் ஒரு வலது ஷூ மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது. வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள்.