லாங்லாண்ட்ஸ், லோ: இங்கிலாந்தின் இரண்டு வெள்ளிக் குடும்பங்கள்

லண்டனுக்கு வெளியே வெள்ளி வேலை செய்த குடும்ப நிறுவனங்களில் ஒன்றின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்க விரும்பினால், என் தேர்வு நியூகாசிலின் லாங்லாண்ட்ஸ். ஆயுளில் பார்த்தால் செஸ்டரின் லோ குடும்பமே முன்னால் நிற்கிறது: 1770-இல் தொடங்கிய அவர்கள் தொழில் இரண்டு நூற்றாண்டுகளையும் தாண்டியது.

லாங்லாண்ட்ஸ் கதை அடர்த்தியானது. ஐசக் குக்சனிடம் தொழில் பழகிய ஜான் லாங்லாண்ட்ஸ், 1754-இல் குக்சன் இறந்ததும் அந்தப் பட்டறையைக் கூட்டாளி ஒருவருடன் ஏற்றார். 1778-இல் ஜான் ராபர்ட்சன் கூட்டாளியாகச் சேர்ந்தார். காபிக் கெண்டிகளும் மூடியிட்ட பெரிய குவளைகளும் இவர்கள் முத்திரையோடு வெளிவந்தன. 1793-இல் தந்தை மறைய, மகன் ஜான் தொடர்ந்தார். 1804-இல் அவரும் போனார். அதன்பின் அவர் மனைவி டோரதி, தன் பெயரின் முதலெழுத்துகளையே முத்திரையாகப் பதித்துச் சுமார் பத்தாண்டுகள் பட்டறையை நடத்தினார். ஒரு கைம்பெண் தன் பெயரை வெள்ளியில் நிலைநிறுத்தியது எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது.

லோ குடும்பத்தின் பெருமை வேறு வகை. வெள்ளி விற்றதோடு, வெள்ளியின் தூய்மையைச் சோதித்து முத்திரையிட்ட செஸ்டர் தரச்சோதனை அலுவலகத்தின் தலைமைச் சோதகர்களாகவும் அவர்களில் சிலர் இருந்தார்கள்.

பொருள்களைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: மூன்று கோட்டைகள் நியூகாசிலின் நகர முத்திரை, மூன்று கதிர்க்கட்டுகளும் வாளும் செஸ்டருடையது. நியூகாசில் தரச்சோதனை அலுவலகம் 1884-இல் மூடப்பட்டது, செஸ்டருடையது 1962-இல்.