பூவார் போட்டிங் போனோம், 3 ஸ்டார், அந்த ரெண்டு ஸ்டார் ஏன் போச்சுன்னா

எங்களுக்கு களியக்காவிளைங்கிறதால கேரளாவுல இருக்கிற பூவார் பக்கம்தான், சொந்தக்காரங்க யார் வந்தாலும் கூட்டிட்டுப் போறது அங்கதான். போன ஞாயித்துக்கிழமை அத்தை, மாமா, அண்ணன் பசங்கன்னு ஆறு பேர் போனோம். போட் சுத்தம், சின்னப் பசங்க சைஸுக்கும் லைஃப் ஜாக்கெட் இருந்துச்சு, ஒவ்வொருத்தர் கிளிப்பையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் கயித்த அவுத்தாங்க. போட் கவுந்து 2009ல தேக்கடியில 45 பேரு, 2023ல தானூர்ல 22 பேரு செத்ததெல்லாம் மனசுல இருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். பொழி வரைக்கும் போனது அருமை, நெய்யாறு கடல்ல சேர்ற அந்த இடத்த பாத்து அத்தை பேசவே இல்ல.

திரும்பும்போதுதான் கஷ்டமாப் போச்சு. ரெண்டு பக்கமும் கண்டல் காடு (அலையாத்திக் காடு), நடுவுல குறுகலான தோடு, அதாவது வாய்க்கால், அதுக்குள்ள ஃபுல் ஸ்பீடு. ஓரமா சின்ன வள்ளத்துல வலை எடுத்துட்டிருந்த பெரியவரு நம்ம அலை வர்றத பாத்துட்டு வலைய விட்டுட்டு ஒரு வேர ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு, வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, நாங்க தாண்டி வந்து திரும்பிப் பாத்தா செரட்டையால கோரி ஊத்திட்டிருக்காரு. போட் ஓட்டினவர்கிட்ட "சேட்டா, கொஞ்சம் மெல்ல போங்க"ன்னேன், "பசங்களுக்கு ஜாலிதானே"ன்னாரு. அலை அடிச்ச கரையில மண்ணு பொலபொலன்னு உதிருது, வேரெல்லாம் வெளிய தெரியுது.

என் மச்சான் அமெரிக்காவுல வெர்மான்ட்ல இருக்கான். அங்க வேக் சர்ஃபிங்னு ஒண்ணு, போட்டுக்குள்ள டேங்க்ல தண்ணி நிரப்பி பின்பக்கத்த அமுக்கி வேணும்னே பெரிய அலை கிளப்புவாங்க, கயிறு இல்லாம பலகையில அந்த அலை மேல நிப்பாங்க. கரை அரிக்குது, அடி மண்ணு கலங்குதுன்னு 2024ல ரூல் போட்டுட்டாங்க: எந்தக் கரையில இருந்தும் 500 அடி தள்ளி, ஆழம் 20 அடிக்குக் குறையாம, அப்படிப்பட்ட இடம் சேந்தாப்புல 50 ஏக்கராவது இருக்கிற ஏரியில மட்டும்தான். நம்ம போட்டு அந்த அளவுக்கு அலை கிளப்பாதுதான், ஆனா அங்க 500 அடி தள்ளச் சொல்றாங்க, இங்க கைய நீட்டினா கரை.

போறவங்க காசு குடுக்கிறதுக்கு முன்னாடியே "தோட்டுக்குள்ள மெல்ல, பொழிகிட்ட வேணா வேகமா"ன்னு சொல்லிடுங்க. அடுத்த தடவை நான் அப்படித்தான் ஏறப்போறேன், ஒத்துக்கலேன்னா வேற போட்டு.