மூன்று மணி நிழல்: எங்கள் பள்ளித் திடலின் துணிக்கூரை, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

நான் உடற்கல்வி ஆசிரியர். ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு விளையாட்டுப் பாடவேளை பிற்பகல் மூன்று மணிக்கு. 16 ஆண்டுகளாக அந்த நேரத்து வெயிலில் நிற்கிறேன். பிள்ளைகளையும் நிற்க வைக்கிறேன். ஆகவே எங்கள் திடலில் துணிக்கூரை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் வேலையை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. மூன்று மணிக்குப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் நிழல் இருக்கிறதா? இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதையைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் வேறொருவர் வந்து, சிமென்ட் இருக்கைகளுக்கு நேர் மேலே நான்கு குழாய்களை நட்டு, நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலையைத் தட்டையாக இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். நண்பகலில் பார்த்தால் குறையே தெரியாது. மூன்று மணிக்கோ நிழல் முழுவதும் கிழக்கே நகர்ந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழும். பிள்ளைகள் சுடுகிற சிமென்ட்டில் புத்தகப்பையைப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். சில மாதங்களில் வலை தொய்ந்தது. காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு மூலையில் கட்டியிருந்த வளையம் கிழிந்து தொங்கியது. நிர்வாகம் அதைக் கழற்றிவிட்டது.

இரண்டாவது முறை வந்த நிறுவனத்தின் பொறியாளர் வண்ண அட்டையை விரிக்கவில்லை. "சார், கால அட்டவணையைக் கொடுங்கள்" என்று கேட்டார். எந்த மணிக்கு எத்தனை பேர் வெளியே இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். மதிய இடைவேளையும் மூன்று மணியும்தான் எங்களுக்கு முக்கியம் என்று தெரிந்ததும் ஒரு வேலை வைத்தார். இரண்டு மீட்டர் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் நுனியை மணிக்கொரு முறை சுண்ணாம்புக்கட்டியால் குறிக்கச் சொன்னார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வேலையைப் பறித்துக்கொண்டார்கள். குச்சி சாய்ந்துவிடக் கூடாது என்று ஒரு மாணவி நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூலும் குச்சியும் ஒன்றாகிறதா என்று பார்த்தாள். இன்னொருவன் தரையோடு தரையாகக் குனிந்து, நிழலின் நுனி மங்கலாக இருப்பதால் எந்த இடத்தைக் குறிப்பது என்று சண்டை பிடித்தான். அன்று நண்பகலில் நிழலின் நீளம் 80 சென்டிமீட்டர். மூன்று மணிக்கு 2.6 மீட்டர். அதே விகிதத்தில், நான்கு மீட்டர் உயரத்தில் துணியைக் கட்டினால் நண்பகலில் அதன் நிழல் 1.6 மீட்டர் விலகும். மூன்று மணிக்கு 5.2 மீட்டர் விலகும். பழைய வலை ஏன் சைக்கிள்களுக்கு நிழல் கொடுத்தது என்பது அந்தச் சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் குறிக்கச் சொன்னார். பருவம் மாறினால் சூரியனின் பாதையும் மாறும் என்பதால். அந்த இரண்டு குறிப்புகளையும் வைத்துத்தான் வரைபடம் போட்டார். துணியை மேற்கே மூன்று மீட்டர் தள்ளி, இருக்கைகளைக் கிழக்கே இரண்டு மீட்டர் நகர்த்தி, கூரையை நீளவாட்டில் கிழக்கு மேற்காக வைத்தார்கள். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். இதற்காக மட்டுமே இவர்களை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

அளவு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தூணுக்குத் தூண் 12 மீட்டருக்கு 9 மீட்டர் என்றால் 108 சதுர மீட்டர் நிழல் கிடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். கிடைக்காது. துணி விறைப்பாக நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு விளிம்பும் உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பொதுவாக அந்த விளிம்பின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. 12 மீட்டர் பக்கத்தின் நடுவில் 1.2 மீட்டர் உள்வாங்கும். நான்கு பக்கமும் கழித்தால் ஏறத்தாழ 78 சதுர மீட்டர்தான் மிஞ்சும். பொறியாளர் இதை முதல் நாளே வரைந்து காட்டியதால் நாங்கள் ஏமாறவில்லை. விலைப்பட்டியலில் தூண் இடைவெளியை மட்டும் எழுதுகிறவரிடம், துணியின் பரப்பு எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

எதிரெதிர் மூலைகள் இரண்டு உயரத்திலும் மற்ற இரண்டு தாழ்விலும் இருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். குதிரைச் சேணத்தைப் போன்ற அந்த வளைவு கண்ணுக்கு அழகு; ஆனால் அதற்காகச் செய்வதில்லை. இரு திசையிலும் எதிரெதிராக இழுபடுவதால் துணி காற்றில் அடித்துக்கொள்வதில்லை. விளிம்பு நெடுக உள்ளே கம்பி வடம் ஓடுகிறது. மூலைகளில் துருப்பிடிக்காத எஃகுத் தகடும், திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும் இருக்கின்றன.

துணி தடித்த பாலிஎத்திலீன் இழையால் பின்னப்பட்டது. நெய்ததில்லை, பின்னியது. அதனால் ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் இழை பிரிந்து ஓடுவதில்லை. சிறு துளைகள் வழியே சூடான காற்று மேலே போய்விடுகிறது. எங்கள் சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றுவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் தலையிலேயே தெரியும். தகரம் தான் வாங்கிய சூட்டை நம்மீது திருப்பி இறக்குகிறது. இந்தத் துணி அப்படிச் செய்வதில்லை. மழைக்கு மட்டும் இது உதவாது. ஒழுகும். அதைத் தெரிந்தே வாங்கினோம்.

நிறம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் வெளிர்மஞ்சள் பிடித்திருந்தது. பொறியாளர் துணியின் சோதனைத் தாளை எடுத்து வைத்தார். ஒரே துணியாக இருந்தாலும் நிறத்துக்கு நிறம் எண்கள் வேறு. பொதுவாக அடர்ந்த நிறங்கள் கதிரை அதிகம் தடுக்கும். அந்தத் தாளில் இரண்டு தனித்தனி எண்கள் இருந்தன: வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்பது ஒன்று, புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பது மற்றொன்று. கடைக்காரர்கள் முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அடர்நீலம் எடுத்தோம். அப்படியும் தொப்பியைக் கழற்ற நான் விடுவதில்லை. புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. வானம் முழுவதிலுமிருந்து சிதறி, திறந்த பக்கங்கள் வழியாகவும் வருகிறது. மணலும் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கதிரின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூரையின் ஓரத்தில் உட்காரும் பிள்ளைக்கு நடுவில் உட்காரும் பிள்ளையைவிட அதிகக் கதிர் படும். அதனால் சின்ன வகுப்புகளை நடுவில் உட்கார வைக்கிறேன்.

வேலை நடந்த விதத்துக்கு வருகிறேன். குழிகளின் ஆழத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை அம்மா திகைத்துவிட்டார். தரைக்கு மேல் நிற்கும் தூணுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்பது அவர்கள் தொடங்கும் கணக்கு. மண்ணைப் பார்த்து அதற்கு மேலும் தோண்டினார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி இழுக்கும் விசை நான்கு மடங்காகும். துணிக்கூரையை நிறுத்தி வைப்பதைவிட, அது பறந்து போகாமல் பிடித்து வைப்பதுதான் அஸ்திவாரத்தின் பெரிய வேலை. கான்கிரீட் ஊற்றிய பின் 28 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். வெறும் தூண்கள் நிற்கின்றனவே என்று நானே இரண்டு முறை போன் செய்து அவசரப்படுத்தினேன். அவர்கள் அசையவில்லை. கான்கிரீட் முழு வலுவடையும் முன் துணியை இழுத்துக் கட்டினால் தூண் உள்ளே சாயும் என்றார்கள். அவர்கள் பிடிவாதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

இனி குறைகள். நான்காவது குழி தோண்டும்போது கடப்பாரை தண்ணீர்க் குழாயில் பட்டது. பள்ளியின் குழாய் வரைபடத்தை அவர்கள் கேட்கவுமில்லை, நாங்கள் கொடுக்கவுமில்லை. அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனது. தூணை 60 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக, தூண்கள் நின்ற பிறகே மூலைக்கு மூலை அளந்து துணியைத் தைப்பது அவர்கள் வழக்கம். முன்கூட்டியே தைத்து எடுத்துவந்திருந்தால் முழுத்துணியும் வீணாகியிருக்கும்.

நகர்த்திய அந்தத் தூண் இப்போது ஓடுபாதையின் திருப்பத்தை ஒட்டி நிற்கிறது. எனக்கு அது வயிற்றைக் கலக்கியது. தூணைச் சுற்றி மெத்தை போட வேண்டும் என்று கேட்டபோது, விலைப்பட்டியலில் அது இல்லை என்றார்கள். பிள்ளைகள் ஓடும் இடத்தில் தூண் நட்டால் மெத்தையும் சேர்ந்தே வர வேண்டும். தனியாகக் கேட்டு வாங்கும் பொருளில்லை அது. எழுதிக் கேட்ட பின் ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது. அதுவரை பழைய பாய்களைச் சுற்றிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன்.

பராமரிப்பிலும் தாமதம். புதுத்துணி சில மாதங்களில் கொஞ்சம் இளகும்; ஒரு முறை வந்து இறுக்கிக் கொடுப்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் பிந்தி வந்தார்கள். அந்த ஐந்து வாரமும் வடக்கு விளிம்பு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படி அடித்துக்கொள்ளும்போதுதான் தையல் தேயும். துணி பல ஆண்டு வெயிலைத் தாங்கினாலும் சாதாரண பாலியஸ்டர் நூல் அதற்கு முன்பே இற்றுவிடும். நாங்கள் வெயிலுக்கு இற்றுப்போகாத டெஃப்லான் வகை நூலைக் கேட்டு வாங்கியிருந்தோம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஏணி போட்டு ஏறி நகத்தால் கீறிப் பார்த்தேன், ஒரு தையலும் விடவில்லை. உத்தரவாதம் துணிக்கு எத்தனை ஆண்டு, நூலுக்கு எத்தனை ஆண்டு, புயலில் கிழிந்தால் யார் பொறுப்பு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் துணியை இறக்க எங்கள் பணியாளர்கள் இருவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். இதுவரை இரண்டு முறை இறக்கியிருக்கிறோம். முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆனது, இரண்டாம் முறை 40 நிமிடம்.

என் அண்ணன் வாகனப் பழுதுபார்ப்புப் பணிமனை வைத்திருக்கிறார். எங்கள் வேலையைப் பார்த்து இவர்களையே அழைத்தார். அங்கே தேவை வேறு. கார்கள் நுழைந்து திரும்ப வேண்டும். நடுவில் தூண் நின்றால் கதவு இடிக்கும். அதனால் பின்வரிசையில் மட்டும் தூண் நிறுத்தி, கூரையை முன்னோக்கிக் கை நீட்டியதுபோல் அமைத்தார்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் இடத்துக்கு மழையும் படக் கூடாது என்பதால் பிவிசி பூசிய நீர்புகாத் துணி. இங்கே ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். நீர்புகாத் துணியில் விழும் மழை முழுவதும் தாழ்ந்த மூலைக்கு ஓடி வரும். அந்த மூலை அலுவலக வாசலுக்கு நேரே அமைந்துவிட்டது. முதல் மழையில் வாசலில் அருவி கொட்டியது. பிறகு வந்து தூணோடு ஒரு வடிகுழாய் வைத்துக் கொடுத்தார்கள்; கூடுதல் பணம் கேட்கவில்லை. வெல்டிங் வேலையை மட்டும் அண்ணன் கூரைக்கு வெளியே மாற்றிவிட்டார். தீப்பொறி விழுந்தால் இந்தத் துணிகள் தாங்காது.

மொத்தத்தில், திட்டமிடுவதில் முழு மதிப்பெண். கட்டும் வேலை நன்று. கட்டி முடித்த பின் கூப்பிட்ட குரலுக்கு வருவதில் சுமார். மறுபடியும் இவர்களிடமே போகிறோம்.

அடுத்த வேலை வாசலருகே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம். குச்சியும் சுண்ணாம்புக்கட்டியும் அங்கே போய்விட்டன. மாலை நான்கரை மணிக்கு அந்தக் குச்சியின் நிழல் மதிலைத் தாண்டிச் சாலையைத் தொடுகிறது. மேலே எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் அந்த நேரத்து வெயில் பக்கவாட்டில் நுழைந்துவிடும். மேற்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு திரையும், நாளடைவில் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள இரண்டு மரங்களும் வேண்டும் என்று பிள்ளைகள் வரைபடம் போட்டிருக்கிறார்கள். பொறியாளர் வியாழக்கிழமை வருகிறார். இந்த முறை தண்ணீர்க் குழாய் வரைபடத்தை நகலெடுத்து என் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.