கொழுந்து சிவக்கும் மேடை: ஒரு தேயிலைத் தொழிற்சாலைச் சுற்றுலா

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியோரத் தொழிற்சாலை ஒன்றை, கட்டணம் செலுத்திக் கடந்த மாதம் சுற்றிப் பார்த்தோம். வாட்டும் தட்டுகளையும் சலிக்கும் பகுதியையும் காட்டிய விதத்தில் குறையில்லை. ஆனால் காசுக்குப் பெறுமதியான இடம் உருட்டும் இயந்திரத்தை அடுத்துள்ள மேடைதான்.

அங்கே பரப்பியிருந்த நசுங்கிய கொழுந்து, எங்கள் கண்ணெதிரே பச்சை மங்கிச் செப்பு நிறம் ஏறி, புல் வாசனை போய்ப் பழ வாசனை வீசத் தொடங்கியது. அப்பத்துக்கு மா புளிப்பதைப் போன்றதா என்று என் மருமகள் கேட்டபோது வழிகாட்டி ஆமென்று தலையாட்டியது ஏமாற்றமளித்தது. இங்கே ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை. இலையின் கலங்கள் உடையும்போது, அதுவரை பிரிந்திருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் இலையில் இயல்பாகவே உள்ள கற்றெச்சின்கள் என்னும் சேர்வைகளைச் சந்தித்து, காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அவற்றை ஒட்சியேற்ற, விளைபொருள்கள் தமக்குள் இணைந்து, செம்மஞ்சள் பளபளப்புத் தரும் தியாஃபிளேவின்களாகவும் அடர்நிறம் தரும் தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. தியாஃபிளேவின்களின் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலை ஆய்வுகூடங்கள் ஆராய்ந்து வருவதைச் சொல்லியிருந்தால் கேட்போர் சற்று நின்றிருப்பார்கள். மேடையில் அதிக நேரம் விட்டால் அவை குறைந்து தேநீர் மங்கிவிடும். உலர்த்தியின் வெப்பமே நொதியத்தை நிறுத்துகிறது. பச்சைத் தேயிலைக்கோ அந்த வெப்பத்தை உருட்டுவதற்கு முன்பே காட்டிவிடுகிறார்கள்.

விற்பனைக்கூடத்தில் விலை அதிகம். இறுதியில் தந்த பிளேன்டீ மட்டும், விளிம்பில் பொன்வளையம் தெரிய, குறை சொல்ல முடியாதபடி இருந்தது.